பின்களத்தில் நிற்பவனை யார் பார்க்கிறார்கள்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பள்ளி அணியில் முன்களத்தில் ஆடிக்கொண்டிருந்த உங்கள் 14 வயது மகனைப் பயிற்சியாளர் ஸ்டாப்பர் இடத்துக்கு, அதாவது பின்களத்தின் நடுவுக்கு, மாற்றிவிட்டார். அன்றிலிருந்து அவன் முகம் வாடிக் கிடக்கிறது. "பேக் ஆடுகிறவன் பெயர் யாருக்குத் தெரியும்?" என்கிறான். தடுப்பாட்டக்காரராகவே ஆடி, கோல் அடிப்பவர்களுக்கு நிகராகப் புகழ்பெற்றவர் யாராவது உண்டா, அந்தப் புகழ் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாறு பெயர்களைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவன் மனத்தில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நன்றாக ஆடினால் அது யார் கண்ணிலாவது படுமா என்று அவன் கேட்கிறான். அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்து வருகிறேன். அதற்கு முன்பு நானும் பின்களத்தில் ஆடியவன்தான். உங்கள் மகன் ஆடி நான் பார்த்ததில்லை, ஆகவே அவன் எந்த இடத்துக்குப் பொருத்தமானவன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் பேசப்போகிற ஆட்டக்காரரின் தொடக்கக் கால ஆட்டங்களைப் பதிவுகளில்தான் பார்த்திருக்கிறேன். கடைசிப் பத்து ஆண்டுகளை மட்டும் நேரடி ஒளிபரப்பில், இரவு விழித்துப் பார்த்தேன். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. கோல் என்பது ஒரு நிகழ்ச்சி. அதற்கு ஒரு நிமிடம் உண்டு, ஒரு பெயர் உண்டு, மறுநாள் பத்திரிகையில் ஒரு படம் உண்டு. விழாமல் போன கோலுக்கு இவை எதுவும் கிடையாது. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டோர் விருது 1956 முதல் தரப்படுகிறது. அதை வென்ற தடுப்பாட்டக்காரர்கள் மூன்றே பேர்: ஜெர்மனியின் பெக்கன்பவர் 1972, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், அதே நாட்டின் சாமர் 1996-லும், இத்தாலியின் கன்னவாரோ 2006-லும். முதல் இருவரும் பின்னால் நின்றபடி ஆட்டத்தையே நடத்திச் சென்றவர்கள் என்பதால் முழுக்கத் தடுப்பாட்டக்காரர்கள் என்று சொல்ல முடியுமா என்பதே விவாதத்துக்குரியது. எனவே விருதுகளை நம்பி இந்த இடத்தில் ஆட வருகிறவன் ஏமாந்துபோவான். இதை அவனிடம் மறைக்க வேண்டாம்.

இனி நான் சொல்ல நினைக்கும் மனிதருக்கு வருகிறேன். பாவ்லோ மால்டினி. 1968 ஜூன் 26 அன்று இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். அப்பா சேசரே மால்டினியும் தடுப்பாட்டக்காரர். 1963-இல் லண்டன் வெம்பிளியில் போர்ச்சுகலின் பென்ஃபிகாவை 2-1 என வென்று ஏசி மிலான் கழகம் முதன்முறையாக, ஐரோப்பாவின் கழகங்கள் மோதும் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது அணித் தலைவர் அவர்தான். புகழ்பெற்றவர் பிள்ளை என்பது கால்பந்தில் வரமும் சுமையும் சேர்ந்த ஒன்று. தகுதியால் வந்தானா, அப்பா பெயரால் வந்தானா என்று பக்கத்தில் நிற்பவனே முணுமுணுப்பான். அந்தப் பையன் 1985 ஜனவரி 20 அன்று, 16 வயதில், உடினேசே அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீரராக உள்ளே இறக்கிவிடப்பட்டான். இறக்கியவர் அப்போதைய பயிற்சியாளர், சுவீடன்காரர் நில்ஸ் லீட்ஹோம். அங்கே தொடங்கியது 2009 மே 31 அன்று ஃபிளாரன்ஸ் நகரில்தான் முடிந்தது. இடையில் 902 ஆட்டங்கள், எல்லாம் ஒரே கழகத்துக்காக. ஏழு முறை இத்தாலிய லீக் பட்டம், ஐந்து முறை ஐரோப்பாவின் மிகப் பெரிய கோப்பை. இத்தாலிக்காக 126 ஆட்டங்கள், அவற்றில் 74-இல் அணித் தலைவர். இந்த எண்களில் சர்ச்சை எதுவும் இல்லை. இத்தாலிய லீக்கில் அவர் ஆடிய 647 ஆட்டங்கள் என்ற சாதனையை 2020-இல்தான் கோல்கீப்பர் புஃபான் தாண்டினார்.

ஆனால் எண்கள் உங்கள் மகனுக்கு உதவாது. அவர் எப்படி ஆடினார் என்பதைத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். 1987-இல் அர்ரிகோ சாக்கி மிலானுக்குப் பயிற்சியாளராக வந்தார். தொழில்முறையில் பெரிதாக ஆடிய அனுபவம் இல்லாதவர். அதுவரை இத்தாலியில் தடுப்பாட்டம் என்றால் ஆளுக்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு அவன் போகுமிடமெல்லாம் போவதும், எல்லோருக்கும் பின்னால் ஒருவர் காவல் நிற்பதும்தான். சாக்கி அதை மாற்றினார். ஆளைப் பார்க்காதே, பந்தையும் உன் பக்கத்துத் தோழனையும் பார் என்றார். வலது ஓரத்தில் தசோட்டி, நடுவில் கோஸ்டாகுர்டாவும் பரேசியும், இடது ஓரத்தில் மால்டினி. இந்த நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல முன்னும் பின்னும் நகர்ந்தார்கள். பந்து எதிரணிக்காரனிடம் இருக்கும்போது அவன் தலை கவிழ்ந்தால் நால்வரும் முன்னே ஏறுவார்கள், தலை நிமிர்ந்தால் பின்னே இறங்குவார்கள். எதிரணியின் முன்கள வீரன் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆஃப்சைடில், அதாவது விதிப்படி பந்தை வாங்கி ஆட முடியாத இடத்தில், நிற்பான்.

சாக்கி சொன்ன ஒரு பயிற்சியை நான் என் பையன்களிடம் பல முறை சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் கோல்கீப்பரும் இந்த நால்வரும், ஆக ஐந்து பேர். மறுபக்கம் மிலானின் தாக்குதல் நட்சத்திரங்களான குல்லிட், வான் பாஸ்டன் உள்ளிட்ட பத்துப் பேர். பதினைந்து நிமிடம் அந்தப் பத்துப் பேரும் தாக்க வேண்டும். கோல் விழவில்லை என்று சாக்கி சொல்லியிருக்கிறார். ஆட்டம் நடந்த இடம் வெறும் பயிற்சித் திடல்தான். ஆனால் அன்று அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் "பேக் ஆடுகிறவன் யார்?" என்ற சந்தேகம் வந்திருக்காது. தடுப்பாட்டக்காரனின் புகழ் இப்படித்தான் பிறக்கிறது. முதலில் அவனை அறிபவர் அவனுடைய கோல்கீப்பர். அடுத்துச் சக ஆட்டக்காரர்கள். பிறகு அவனை எதிர்த்து ஆடித் தோற்ற முன்கள வீரர்கள். அதற்கும் பிறகு பயிற்சியாளர்களும் எழுதுபவர்களும். கடைசியில்தான் பார்வையாளர்கள். முன்கள வீரனுக்கு இந்த வரிசை தலைகீழ். அவனை முதல் நாளே கூட்டம் தூக்கிக் கொண்டாடும். சக ஆட்டக்காரர்களின் நம்பிக்கையைப் பெற ஆண்டுகள் ஆகலாம். நான் பார்த்த அளவில், உள்ளூர்த் திடலிலும் இந்த வரிசை மாறுவதில்லை.

மால்டினி சொன்னதாக ஒரு வாசகம் எங்கும் சுற்றிவருகிறது: டேக்கிள் செய்ய (எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிக்க) நேர்ந்தால் நான் ஏற்கெனவே ஒரு தவறு செய்துவிட்டேன் என்று பொருள். அதே சொற்களில் சொன்னாரா என்பதை விட்டுவிடுங்கள். அவருடைய ஆட்டம் அதைத்தான் சொல்கிறது. இதோடு சேர்த்து, இரண்டு ஆட்டத்துக்கு ஒரு டேக்கிள்தான் செய்தார் என்று ஒரு கணக்கும் உலவுகிறது. அதை நான் நம்பவில்லை. அவர் ஆடிய காலத்தின் பெரும்பகுதியில் டேக்கிள்களை யாரும் முறையாக எண்ணிப் பதிவு செய்யவில்லை. பதிவுகளைப் பார்த்தால், தேவைப்பட்டபோது அவர் அழகாகச் சறுக்கிப் பந்தைப் பறித்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். சறுக்குவது பாவம் என்று பையன்களுக்குச் சொல்லிவிடக் கூடாது. அது கடைசிக் கருவி, முதல் கருவியாக அதை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் அவரிடம் கவனித்தது மூன்று விஷயங்கள். ஒன்று, பந்து வருவதற்கு முன்பே உடலைத் திருப்பி வைத்துக்கொள்வார். நேருக்கு நேர் மார்பைக் காட்டி நிற்க மாட்டார். பக்கவாட்டில் நின்று, எதிரியை எந்தப் பக்கம் போகவிட வேண்டுமோ அந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பார். எதிரி தானே தேர்ந்தெடுத்துப் போவதாக நினைத்து மால்டினி விரும்பிய ஓரத்துக்குப் போய்ச் சேர்வான். இரண்டு, பந்தைவிட அதிகமாகத் தன் முதுகுக்குப் பின்னால் பார்ப்பார். ஒளிபரப்பில் ஒரு நிமிடம் அவரை மட்டும் உற்றுப் பார்த்தால் தலை எத்தனை முறை திரும்புகிறது என்று வியப்பாக இருக்கும். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது. அவர் இயல்பில் வலதுகாலர். வலது பேக்காகத்தான் தொடங்கினார். அணியின் தேவைக்காக இடதுபுறம் போனவர், இடது காலையும் வலதுக்கு இணையாகப் பழக்கினார். ஓரமாக ஓடுகிறவனை இடது காலால் நிறுத்துவார், உள்ளே வெட்டி வருகிறவனுக்கு அந்த வலது கால் காத்திருக்கும். இரண்டு வழியும் அடைபட்டால் ஓரத்து ஆட்டக்காரன் என்ன செய்வான்? பந்தைப் பின்னால் தட்டிவிடுவான். அந்தப் பின்பாஸை அரங்கில் யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை. ஆனால் அதுதான் தடுப்பாட்டக்காரனின் கோல்.

இந்த ஆட்டத்தின் விளைவுகள் பதிவாகியிருக்கின்றன. சாக்கிக்குப் பிறகு ஃபாபியோ கபெல்லோ பயிற்சியாளராக இருந்தபோது, 1991-92 லீக் பருவத்தில் மிலான் ஆடிய 34 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. முன்னும் பின்னும் சேர்த்து லீக்கில் தொடர்ந்து 58 ஆட்டங்கள் தோல்வி இல்லாமல் போனது. 1993-94 பருவத்தில் 34 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 15. அடித்ததும் 36 மட்டுமே, ஆனாலும் பட்டம் அவர்களுக்கு! 1994 மே மாதம் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய இறுதிப் போட்டியில் எதிரில் யோஹான் கிரைஃப் பயிற்றுவித்த பார்சிலோனா; முன்களத்தில் ரோமாரியோவும் ஸ்டோய்ச்கோவும். மிலானில் பரேசிக்கும் கோஸ்டாகுர்டாவுக்கும் ஆடத் தடை. நடுவில் இருந்த இரண்டு தூண்களும் இல்லை. மால்டினியை இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு, உங்கள் மகன் ஆடும் அதே ஸ்டாப்பர் இடத்துக்கு மாற்றினார்கள். பக்கத்தில் ஃபிலிப்போ காலி. மிலான் 4-0 என வென்றது. மசாரோ இரண்டு, சாவிசெவிச் ஒன்று, தெசாயி ஒன்று. கோல் அடித்தவர்கள் பெயர்கள் இவை, எல்லோரும் நினைவில் வைத்திருப்பதும் இவற்றைத்தான். ஆனால் அந்த உலகக் கோப்பை ஆண்டில் பிரேசிலுக்காகக் கலக்கிய ரோமாரியோ அன்று எங்கே போனார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த ஆண்டு பாலன் டோர் வாக்கெடுப்பில் மால்டினிக்கு மூன்றாம் இடம். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2003-இல் மறுபடியும் மூன்றாம் இடம். விருது கிடைக்கவேயில்லை.

இந்த இடத்தில் தடுப்பாட்டத்தின் இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். முன்கள வீரன் ஐந்து வாய்ப்புகளை வீணாக்கி ஆறாவதை அடித்தால் நாயகன். தடுப்பாட்டக்காரன் ஐம்பது முறை சரியாகச் செய்து ஒருமுறை தவறினால் அந்த ஒன்றுதான் படமாக நிலைக்கும். 2002 உலகக் கோப்பையில் இத்தாலி தென்கொரியாவிடம் தோற்ற ஆட்டம். கூடுதல் நேரத்தில் ஆன் ஜங் ஹ்வான் எம்பித் தலையால் முட்டிய தங்க கோல், அதாவது விழுந்தவுடனே ஆட்டத்தை முடித்துவைக்கும் கோல். அவருக்கு அருகில் எம்பி, பந்தை எட்ட முடியாமல் போனவர் மால்டினி. அதுதான் இத்தாலிக்காக அவருடைய கடைசி ஆட்டம். நான்கு உலகக் கோப்பைகள் ஆடினார். 1990-இல் சொந்த மண்ணில் முதல் ஐந்து ஆட்டங்களிலும் இத்தாலி ஒரு கோல்கூட வாங்கவில்லை. அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்றது. 1994-இல் இறுதிப் போட்டியில் பிரேசிலிடம் பெனால்டியில் தோல்வி. 1998-இல் இத்தாலி அணிக்கு அப்பாவே பயிற்சியாளர். பிரான்ஸிடம் பெனால்டியில் தோல்வி. 2000-இல் ஐரோப்பிய நாடுகள் மோதிய போட்டியின் இறுதியிலும் பிரான்ஸின் ட்ரெசெகே அடித்த தங்க கோலில் தோல்வி. அவர் விலகி நான்கு ஆண்டுகள் கழித்து 2006-இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது. உலகக் கோப்பைகளில் மிக அதிக நிமிடங்கள் ஆடியவர் என்ற சாதனை 2022 இறுதிப் போட்டியில் மெஸ்ஸி முறியடிக்கும்வரை அவரிடமே இருந்தது. கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இஸ்தான்புல்லையும் விட முடியாது. 2005 மே 25, லிவர்பூலுக்கு எதிரான ஐரோப்பிய இறுதி. முதல் நிமிடத்திலேயே சக வீரர் பிர்லோவின் ஃப்ரீ கிக்கை வலது காலால் அடித்துக் கோலாக்கினார் 36 வயது மால்டினி. இடைவேளையில் 3-0. பிறகு ஆறு நிமிடங்களில் மூன்று கோல்களை வாங்கி, பெனால்டியில் தோற்றார்கள். வாழ்நாளில் ஒரு தடுப்பாட்டக்காரனுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கோல் அது, ஆனால் தோல்வியில் புதைந்துபோனது. நான் அந்த இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தேன். மறுநாள் பயிற்சிக்கு வந்த பையன்கள் லிவர்பூல் எப்படித் திரும்பி வந்தது என்று பேசினார்கள். நான் அந்த ஆறு நிமிடங்களில் மிலானின் பின்வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடையில் இடைவெளி எப்படி விரிந்தது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உலகின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் நிற்கும் வரிசையும் முன்னால் இருப்பவர்கள் விலகினால் உடையும். தடுப்பு என்பது நால்வரின் வேலை என்று நினைப்பது தவறு. அது பதினொருவரின் வேலை. பழி மட்டும் நால்வருக்கு.

சரி, இத்தனை தோல்விகளுக்கும் விருதில்லாமைக்கும் நடுவில் அந்த மனிதர் எப்படி அவ்வளவு புகழ்பெற்றார்? இங்கிருந்து நான் சொல்வதில் என் ஊகமும் கலந்திருக்கிறது. அவர் அழகர், விளம்பரங்களில் வந்தார், கால்பந்தே பார்க்காதவர்களுக்கும் முகம் தெரியும். அது ஒரு பங்கு என்பதை மறுக்க முடியாது. மிலான் அந்தக் காலத்தில் உலகமே பார்த்த அணி, அது இன்னொரு பங்கு. ஆனால் அதே அணியில் அதே காலத்தில் ஆடிய பலரை இன்று பெயர் சொல்லித்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மால்டினிக்கு மட்டும் அது தேவைப்படுவதில்லை. என் கணிப்பில் பெரிய பங்கு காலத்துக்குத்தான். 24 ஆண்டுகளில் எதிரில் வந்த முன்கள வீரர்களின் தலைமுறையே மூன்று முறை மாறியது, அவர் மாறாமல் நின்றார். வேகம் குறைந்தபோது ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, சக தடுப்பாட்டக்காரர் நெஸ்டாவின் பக்கத்தில் நின்று, ஓடிப் பிடித்ததை நின்று பிடிக்கக் கற்றுக்கொண்டார். அப்பா கோப்பை தூக்கி 40 ஆண்டுகள் கழித்து, அதே இங்கிலாந்து மண்ணில், 2003-இல் மான்செஸ்டரில் யுவென்டஸை வென்று தானும் அணித் தலைவராக அதே கோப்பையைத் தூக்கினார். 2007-இல் ஏதென்ஸில் லிவர்பூலை வென்று ஐந்தாவது கோப்பை. அந்த ஆண்டு ஐரோப்பியக் கழகப் போட்டிகளின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்கே. அப்போது வயது 39.

எதிரணி ரசிகர்களும் அவரை மதித்தார்கள் என்பது இன்னொரு காரணம். கீழே விழுந்து நடித்து, நடுவரைச் சூழ்ந்து கத்தி, எதிரியின் காலை உடைத்துப் பெயர் எடுத்த தடுப்பாட்டக்காரர்களும் உண்டு. அவர்களுக்குச் சொந்த ஊரில் மட்டும்தான் புகழ். மால்டினியின் கடைசி ஆட்டம் நடந்தது எதிரணியான ஃபியோரென்டினாவின் அரங்கில். அங்கிருந்த மக்கள் எழுந்து கைதட்டி அவரை அனுப்பி வைத்தார்கள்.

ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பு, 2009 மே 24 அன்று, சொந்த அரங்கான சான் சிரோவில் நடந்தது வேறு. ரோமாவுக்கு எதிரான ஆட்டம், மிலான் 2-3 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்து அவர் அரங்கைச் சுற்றி விடைபெற்று நடந்தபோது, தெற்கு வளைவில் அமரும் தீவிர ரசிகர் குழுவினரில் ஒரு பகுதியினர் சீழ்க்கை அடித்து எதிர்ப்புக் காட்டினார்கள். களத்தில் எல்லையற்ற வீரர், ஆனால் உங்களைச் செல்வந்தராக்கியவர்களை மதிக்கவில்லை என்ற பொருளில் பதாகை விரித்தார்கள். ஒரே அணித் தலைவர் பரேசிதான் என்று முழங்கினார்கள். அரங்கின் மற்றப் பகுதிகள் கைதட்டின. நடந்தது இது, படமாகவே இருக்கிறது. காரணம் என்ன என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. இஸ்தான்புல் தோல்விக்குப் பின் மன்னிப்புக் கேட்கச் சொன்ன ரசிகர்களுக்கு அவர் பணியவில்லை என்பதையும், அந்தக் குழுக்களோடு அவர் நெருக்கம் பாராட்டியதே இல்லை என்பதையும் செய்திகள் சொல்லின. அவர்களில் ஒருவனாக இல்லாததில் எனக்குப் பெருமைதான் என்ற பொருளில் மால்டினி பதில் சொன்னார். எனக்கு இதில் அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. 902 ஆட்டங்கள் ஆடியவருக்குச் சொந்த வீட்டு வாசலில் இது நடந்தது என்பதை உங்கள் மகனுக்கும் சொல்லுங்கள். கூட்டத்தின் அன்பை நம்பி ஆடத் தொடங்கினால் கோல் அடித்தாலும் நிம்மதி இருக்காது.

காலம் கொஞ்சம் மாறியும் இருக்கிறது. நெதர்லாந்தின் வான் டைக் 2018 ஜனவரியில் 7.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலுக்கு வந்தார். அதுவரை எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் தரப்படாத தொகை அது. 2019-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார், பாலன் டோரில் மெஸ்ஸிக்கு அடுத்து ஏழே புள்ளிகள் குறைவாக இரண்டாம் இடம். மால்டினி 20 வயதில் உலகறிந்தவர். வான் டைக்கோ இளைஞனாக உணவகத்தில் பாத்திரம் கழுவியவர், 27 வயதுக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வந்தார். தடுப்பாட்டக்காரர்கள் தாமதமாகத்தான் கனிகிறார்கள். 14 வயதில் இடம் மாறியதால் எதுவும் முடிந்துவிடவில்லை.

அதோடு, இந்த இடமாற்றம் நிரந்தரம் என்றும் நான் சொல்ல மாட்டேன். மால்டினி அணிந்த 3-ஆம் எண் சட்டையை மிலான் ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறது. அவர் பிள்ளைகள் முதல் அணியில் ஆடினால் மட்டும் அணியலாம் என்று ஏற்பாடு. இளைய மகன் டேனியல் மால்டினி 2020-இல் மிலானுக்காகக் களமிறங்கினார், 2022-இல் பட்டம் வென்ற அணியிலும் இருந்தார். ஆனால் 3-ஆம் எண்ணை எடுக்கவில்லை. அவர் தடுப்பாட்டக்காரரே இல்லை, தாக்கி ஆடுகிறவர். தாத்தாவும் அப்பாவும் பின்களத்தில் நின்ற வீட்டுப் பிள்ளை முன்னே போனார். உங்கள் பையன் ஓராண்டு பின்னால் ஆடிவிட்டு மறுபடி முன்னே போனாலும், எதிரில் நிற்பவன் எப்படி யோசிப்பான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் என் முன்கள வீரர்களை ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாதம் பின்னால் நிறுத்துவது அதற்காகத்தான்.

இனி வீட்டில் செய்யக்கூடியது. அந்த 1994 ஏதென்ஸ் ஆட்டத்தின் பதிவைத் தேடி எடுத்து அவனோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் பாதியில் பந்தைப் பார்க்க வேண்டாம், மால்டினியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பந்து திரையில் எங்கோ இருக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார், எப்போது ஓரடி முன்னே வைக்கிறார் என்று. என் பையன்களில் ஒருவன் இப்படிப் பார்த்துவிட்டு, "சார், அவர் ஓடவே இல்லை, ஆனால் எல்லா இடத்திலும் இருக்கிறார்" என்றான். அவன் அதுவரை ஆட்டத்துக்கு எட்டு முறை சறுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்பவன். பிறகு பயிற்சியில் ஒரு விதி வைத்தேன்: இருபது நிமிடம் யார் தரையில் விழுந்தாலும் வெளியே. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, எதிரியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முதல் வாரம் எல்லோரும் வெளியில்தான் நின்றார்கள். மூன்றாம் வாரம் ஒருவரும் வெளியேறவில்லை. உங்கள் மகனின் பயிற்சியாளரிடம் கேட்டு இதைச் செய்து பார்க்கலாம். மாடியில் நீங்களே எதிரியாக நின்றும் செய்யலாம்.

இன்னும் ஒன்று. அடுத்த ஆட்டம் முடிந்ததும் எத்தனை கோல் என்று அவனிடம் கேட்காதீர்கள். அவன் அணியின் கோல்கீப்பர் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்றைக்கு உனக்கு எத்தனை பந்து வந்தது?" என்று கேளுங்கள். அவன் சொல்வதை உங்கள் மகன் காதில் விழும்படி கேளுங்கள்.